மாலை போட்டு அனுப்பிய ஆள்

முனிரத்தினத்துக்கு மாலை போட்ட அன்று மைக் என் கையில்தான் இருந்தது. வாடகை மைக். நான் "அன்பார்ந்த" என்று ஆரம்பித்தால், அது ஒரு தடவை கூவிவிட்டுத்தான் அடுத்த வார்த்தையை வெளியே விடும்.

சித்தூரில் எங்கள் மின்சார ஆபீஸ் முற்றத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் டிரம்களை ஓரமாக உருட்டிவிட்டு ஷாமியானா போட்டிருந்தோம். நடுவில் முனிரத்தினம். ஈரச் சாக்கு வாசனை போகாத ரோஜா மாலை அவருடைய முழங்கால் வரைக்கும் தொங்கியது. மாலையிலிருந்து ஓர் எறும்பு கிளம்பி அவர் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் தட்டிவிடவில்லை.

லைன்மேனாக வேலைக்குச் சேர்ந்து லைன்மேனாகவே ரிட்டயர் ஆகிற மனிதர். பேசியவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். எந்த மழையிலும் ஏறுவார், எந்தக் கம்பத்திலும் ஏறுவார், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர். நானும் என் பங்குக்கு அதையே தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொன்னேன். கைதட்டல் நன்றாகவே வந்தது. முனிரத்தினம் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆபீஸில் மாதக் கடைசி வேலை நாளில் யாராவது ஒருவர் ரிட்டயர் ஆவார். அதற்கென்று ஒரு முறை உண்டு. மாலை, சால்வை, பழத்தட்டு, பெரிய சார் பேச்சு, சின்ன சார் பேச்சு, புளியோதரை, லட்டு. அப்புறம் ஆளை ஆபீஸ் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்து, வீடுவரை கொண்டுபோய் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வருவோம். ஒப்படைப்பது என்றுதான் சொல்வோம். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த ஜீப்பில் பின்னால் ஏணியோடு ஏணியாகத் தொங்கிக்கொண்டு போனவருக்கு, முன் சீட் கிடைப்பது அன்றைக்கு மட்டும்தான்.

நான் மைக் ஆன கதை

நான் எப்படி எங்கள் ஆபீஸின் தொண்டை ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது நகரியில். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பவர்லூம். "நைனா, சோறு துன்ன வா" என்று அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினால்தான் உண்டு. அந்தத் தொண்டையோடு திருப்பதி ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நான் போனில் பேசினால் போனே தேவையில்லை என்று அங்கே ஒரு சூப்பரின்டென்ட் சொல்வார்.

சித்தூருக்கு மாற்றலாகி வந்தபோது இங்கே அந்தத் தொண்டைக்கு வேலை காத்திருந்தது. சர்க்குலர்கள் தெலுங்கில் வரும், இல்லையென்றால் இங்கிலீஷில் வரும். லைனில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் எல்லையோர ஊர்க்காரர்கள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவர்கள்தான். ஆனால் சர்க்குலரில் வருகிற தெலுங்கு, தெலுங்குக்காரர்களுக்கே விளங்காது. அதனால் காலையில் எல்லாரும் கிளம்புவதற்கு முன்னால் நான் வாசலில் நின்று இரண்டு பாஷையிலும் சத்தமாகப் படித்துவிடுவேன். யாருக்கு மாற்றல், யாருக்குப் பிரமோஷன், எங்கே மெடிக்கல் கேம்ப், யூனிஃபார்ம் துணி எப்போது வரும், வந்த துணி ஏன் யாருக்கும் போதாது.

நோட்டீஸ் போர்டும் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு போட்டது. அதன் சாவி தொலைந்துபோன அன்று உள்ளே இருந்தது ரத்ததான முகாம் நோட்டீஸ். வருஷக்கணக்கில் அது அங்கேயே இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, காலையில் சாப்பிடாமல் முகாமைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் வாட்ஸ்அப் குரூப் வந்தது. எதைப் போட்டாலும் படிப்பதற்கு முன்னாலேயே வாழ்த்து வந்து விழும். ஒருவரை சஸ்பெண்டு செய்த உத்தரவைப் போட்டபோதும் முதலில் வந்தது பூங்கொத்துதான். அதனால் குரூப் வந்த பிறகும் வாசலில் நின்று நான் படிப்பது நிற்கவில்லை.

சரி, முனிரத்தினத்துக்கு வருகிறேன்.

பாதி வழியில் வந்த உத்தரவு

காணிப்பாக்கம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அவருடைய ஊர். கோயிலுக்குப் போகிற வேன்களுக்கு நடுவில் எங்கள் ஜீப் மெதுவாகத்தான் போனது. வழியில் பார்த்தவர்கள் மாலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். புது மாப்பிள்ளை என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை, எம்.எல்.ஏ. சீட் ஏதாவது கிடைத்திருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

வீட்டு வாசலில் அவருடைய மனைவி சரோஜா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். தெருவே கூடியிருந்தது. எங்கள் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் சேமியா பாயசம். குடிக்கும்போது சரோஜா கேட்டார்.

"இனிமே யாரும் போன் பண்ணி இவரை கூப்பிட மாட்டீங்க இல்ல?"

எல்லாரும் சிரித்தோம். எங்கள் ஏ.இ. சார் கடற்கரைப் பக்கத்து ஜில்லாவிலிருந்து வந்த இளம் இன்ஜினியர். தமிழ் பாதி புரியும், பேச வராது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "இக மீவாரே அம்மா" என்றார். இனி அவர் உங்கள் ஆள்தான் என்று அர்த்தம். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முறைப்படி ஒப்படைத்தாகிவிட்டது.

திரும்பி வரும்போது டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினோம். டீ வருவதற்குள் ஏ.இ. சார் போன், என் போன், டிரைவர் போன் எல்லாம் ஒன்றாகக் கத்தின. திருப்பதியிலிருந்து உத்தரவு. ஓய்வு வயதைக் கூட்டியிருக்கிறார்கள். இன்று ரிட்டயர் ஆகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே விடுவிக்கப்பட்டவர்கள் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து வேலையில் சேர்ந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம். சேராவிட்டால் ரிட்டயர் ஆனவர் ரிட்டயர் ஆனவர்தான்.

முதலில் கேட்டது டிரைவர்தான்.

"மேடம், ஜீப்பைத் திருப்பட்டுமா?"

பாயசம் குடித்த வாய் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. போய் என்னவென்று சொல்வது? போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏ.இ. சார் முடிவு செய்தார். சொல்கிற வேலை வழக்கம்போல எனக்கு. முனிரத்தினம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு "சரிங்க மேடம்" என்றார், அவ்வளவுதான். இரண்டு வருஷ வேலை திரும்பக் கிடைத்த மனிதரின் குரலாக அது எனக்குப் படவில்லை.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாலையைத் திருப்பித் தருவாரா, புளியோதரையை எப்படித் திருப்பித் தருவார் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் வரவில்லை. மதியம் ஆகியும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை.

அவருக்கு அந்த வேலை தேவை என்று எல்லாருக்கும் தெரியும். மகள் திருப்பதியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அளந்து கொடுத்த மாதிரி வந்த உத்தரவு. அதை வேண்டாம் என்பவர் யார்?

சாப்பாட்டுக்குப் பிறகு ஏ.இ. சார் என்னையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அந்த ஊருக்கு அதே ஜீப், அதே டிரைவர். இந்தத் தடவை முன் சீட்டில் ஏ.இ. சார்.

சரோஜா நிலைப்படியிலேயே நின்றார்.

"இன்னா மேடம், குடுத்த ஆளை திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

"உத்தரவு வந்திருக்குதும்மா. நல்ல சேதிதானே."

"உங்களுக்கு நல்ல சேதி. மாலை போட்டு, ஜீப்புல இட்டாந்து, ஊரு பாக்க உட்டுட்டுப் போனீங்க. நான் ஆரத்தி எடுத்து உள்ள கூட்டிக்கினேன். மாலை போட்டு எறக்குன ஆளு மறுபடி கம்பம் ஏறக்கூடாது. அது ஆகாது. நான் அனுப்பமாட்டேன்."

உள்ளே கயிற்றுக் கட்டிலில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காக்கிச் சட்டை மடித்து வைத்திருந்தது. கட்டில் கயிற்றின் பிசிறை நகத்தால் இழுத்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏமண்டுந்தி ஆவிட?" என்றார் ஏ.இ. சார். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று.

நான் தெலுங்கில் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மூடநம்பிக்கையா, ஐந்து மணிக்குள் வந்தால் வேலை, வராவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது, இதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள் என்று படபடவென்று பேசிவிட்டு, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி வெளியே போய்விட்டார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. எனக்கும் சரோஜா மேல் எரிச்சல்தான். கிடைத்ததை உதைத்துத் தள்ளுகிறாரே என்று இருந்தது.

"காப்பி போடறேன், வாங்க மேடம்" என்று சரோஜா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுப்படியில்

பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அவர் குரலை நன்றாகத் தணித்துக்கொண்டார்.

"மாலையாவது மண்ணாங்கட்டியாவது மேடம். அவருக்கு பயம்."

எனக்கு விளங்கவில்லை. யாருக்கு என்று கேட்டேன்.

"இவருக்குத்தான். வெதுருகுப்பத்துல இருந்தப்ப கூட வேலை செஞ்ச ஆளு ஒருத்தரு பக்கத்து கம்பத்துல இருந்து உழுந்துட்டாரு. லைன்ல கரண்ட் நிறுத்தியாச்சு, எல்லாம் சரியாத்தான் செஞ்சாங்க. எவன் வீட்டுலயோ கல்யாணம், ஜெனரேட்டர் போட்டுக்கினு இருந்தாங்களாம். அது வழியா கரண்ட் திரும்பி வந்துடுச்சு. இவரு கண்ணு முன்னாடி. அதுல இருந்து கம்பம் ஏற வேண்டிய நாள்ல காலையில ஒண்ணும் துன்னமாட்டாரு. துன்னா நிக்காது, வாந்தி. ஏறி எறங்கின பிறகுதான் துன்னுவாரு."

"இத்தனை வருஷமாவா?"

"பொண்ணு அப்ப ஒண்ணாங்கிளாசு."

அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். நான் மைக்கில் சொன்னதெல்லாம் எனக்கு ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது.

"அவரு வாயால சொல்லமாட்டாரு மேடம். சின்ன பசங்க சிரிப்பானுங்கன்னு. இவரை எல்லாரும் தைரியம் தைரியம்னு சொல்லிக்கினு கீறாங்க, இப்ப போயி பயம்னு எப்படி சொல்றது? அதான் நான் சொன்னதா இருக்கட்டும்னு பாத்தேன். பொம்பளைக்கு கிறுக்குன்னு பேசிக்கினு போவட்டும், எனக்கு இன்னா?" முந்தானையால் பால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினார். "எங்களுக்கு வேலை வேணும் மேடம். கம்பம் வேணாம். அதுக்கு எதுனா வழி பண்ணுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. விறகடுப்பாக இருந்தால் புகை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். கேஸ் அடுப்பு, அதற்கும் வழியில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று முனிரத்தினத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மேடம். இப்ப எவன் சிரிச்சா இன்னா?" என்றார். பக்கத்திலிருந்து சரோஜா, "நான் சேமியா பாயசம் குடுத்ததையும் எழுதச் சொல்லுங்க" என்றது போனில் கேட்டது. எழுதிவிட்டேன்.

பழைய வழக்கம்

காப்பி டம்ளரோடு வெளியே வந்தேன். ஏ.இ. சார் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். சித்தூருக்கு வந்த நாளிலிருந்து யாரோ சொன்னதை இன்னொரு பாஷையில் சொல்வதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு யாரும் சொல்லாத ஒன்றைத் தெலுங்கில் சொன்னேன்.

சார், இது இந்த அம்மா சொந்தமாகச் சொல்வது இல்லை. இந்தப் பக்கத்துத் தமிழ் லைன்மேன்கள் எல்லாருக்கும் இந்த வழக்கம் உண்டு. மாலை போட்டு இறக்கிய ஆள் கம்பம் ஏறினால் மற்றவர்கள் அவரோடு ஏற மாட்டார்கள். நாளைக்குக் காற்றோ மழையோ வந்தால் ஆள் இல்லாமல் நாம்தான் திண்டாடுவோம்.

ஏ.இ. சார் காப்பியைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார். தான் வெளியூர்க்காரர், இங்கே என்னென்ன இருக்கிறதோ என்ற கலக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

"இந்தப் பக்கத்து மற்ற ஆபீஸ்களில் என்ன செய்வார்கள்?" என்று தெலுங்கில் கேட்டார்.

"கீழே வைத்துக்கொள்வார்கள் சார். நம்மிடம் கம்ப்ளெயின்ட் போன் சீட் காலியாகத்தானே இருக்கிறது?"

அந்த சீட் எப்போதும் காலிதான். கரண்ட் போன வீட்டுக்காரர்கள் நாளெல்லாம் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மாதம் தாங்கியவர்கள் இல்லை. ஏ.இ. சார் பெரிய சாருக்குப் போன் போட்டார். நிறைய "அவுனு சார், அவுனு சார்" கேட்டது, எல்லாம் 'ஆமாம் சார்'தான். பிறகு சரி என்று தலையாட்டினார்.

உள்ளே போய் முனிரத்தினத்திடம் சொன்னேன். "சார் ஒத்துக்கிட்டாரு. மாலை போட்ட ஆள் கம்பம் ஏற வேணாமாம். போன் பார்க்கணும், அவ்வளவுதான்." அவர் முதலில் மனைவியைப் பார்த்தார். சரோஜா அடுப்படியிலிருந்து, "நான் சொன்னா கேக்கமாட்டீங்க, சார் சொன்னாதான் கேப்பீங்க" என்று ஒரு அதட்டல் போட்டார். முனிரத்தினம் எழுந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஐந்து அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். வேலை முடிந்து லைன் ஆட்கள் எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள். மைக் இல்லாமலே அறிவித்தேன். முனிரத்தினம் வேலையில் சேர்ந்துவிட்டார், மாலை போட்டு இறக்கிய ஆள் என்பதால் வழக்கப்படி கம்பம் ஏற மாட்டார், கம்ப்ளெயின்ட் போன் அவர் பொறுப்பு. 'வழக்கப்படி' என்பதை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தேன். ஒருத்தன் "அப்படி ஏது வழக்கம்?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

கூட்டத்தில் சீனு என்று ஒரு லைன்மேன், வாய் கொஞ்சம் நீளம். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"கரெக்டு மேடம். எங்க தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான்."

சீனுவின் தாத்தா காலத்தில் அவன் ஊருக்குக் கரண்டே வரவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் தன் மாமனார் ஊரிலும் உண்டு என்றார். கொஞ்ச நாளில் திருப்பதியிலிருந்தே ஒருத்தர் போன் செய்து, உங்கள் பக்கம் இப்படி ஒரு பழைய வழக்கம் இருக்கிறதாமே என்று என்னிடம் கேட்டார். ரொம்பப் பழையது என்றேன்.

புயல் வந்த சாயங்காலம்

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு புயல் வந்தது. மதியத்திலிருந்தே காற்று. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சித்தூரில் பாதி இருட்டு. பஸ் இல்லாததால் நான் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டேன். சார்ஜ் லைட் வெளிச்சத்தில் முனிரத்தினம் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். போன் கீழே வைத்தால் அடித்தது, எடுத்தால் திட்டியது. எல்லாருக்கும் "ஆமாங்க, ஆள் போய்க்கினு இருக்கறாங்க" என்று அதே குரலில் சொன்னார்.

ஆட்களை அனுப்புவதும் அவர்தான். லைனை நிறுத்திவிட்டார்களா என்று சப்ஸ்டேஷனுக்கு அவரே பேசி, அவர்கள் சொன்னதை அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார். அப்புறம் கம்பத்தடியில் நிற்கிற ஆளிடம், "சுத்துமுத்தும் எந்த வீட்டுலயாவது ஜெனரேட்டர் ஓடுதா, காதைக் குடுத்து கேளு. கேட்டுட்டு ஏறு" என்பார். மறுபடி அந்த ஆளிடமிருந்து போன் வருகிற வரைக்கும் அவர் நாற்காலியில் உட்கார மாட்டார்.

ஒவ்வொரு ஆளும் வேலை முடிந்தது என்று சொன்ன பிறகு, முனிரத்தினம் வேறு ஏதோ ஒரு நம்பருக்குப் பேசுவதைக் கவனித்தேன். புகார் கொடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொல்கிறார் என்று நினைத்தேன். பரவாயில்லையே, நம் ஆபீஸில் இப்படியும் ஒருவரா என்று கொஞ்சம் கிட்டே போய்க் கேட்டேன்.

"அம்மா, ஆபீஸ்ல இருந்து பேசறன். சீனு எறங்கிட்டான். ஆமா, கீழ வந்துட்டான். நீ துன்னு."

சீனுவின் மனைவி. அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எல்லாம் லைன் ஆட்களின் வீடுகளை.

"யார் சொல்லி இதைச் செய்றீங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல மேடம். நான் கம்பத்துல இருந்த வரைக்கும், வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுனாத்தான் சரோஜா சோறு துன்னும். எல்லார் வூட்லயும் அப்படித்தான இருக்கும்?"

இந்த ஆபீஸில் நான் அறிவிக்காத சேதி இல்லை. மாற்றல், பிரமோஷன், பென்ஷன், யூனிஃபார்ம், ஓய்வு வயது. காற்றடிக்கிற நேரத்தில் ஒரு வீட்டுக்கு வேண்டிய சேதி 'இறங்கிட்டான்' என்கிற ஒரே வார்த்தைதான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மழை வலுத்தது. வெளியே போன ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், முனிரத்தினம் ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னார். கடைசி ஆளும் கீழே வந்த பிறகு போனைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி எடுத்தார்.

"சரோஜா, நான்தான். கீழதான் இருக்கறன். நீ துன்னுட்டுப் படு."